இழப்பதற்கான உரிமை கோரி ஒரு மனு

2024 ஆகஸ்ட் மாத மத்தியில் ஒரு மாலைப்பொழுது. வில்லியனூர் தேரடிக்கு அருகிலுள்ள என் வீட்டிற்கு நான்கு இளைஞர்கள் வந்தனர். அவர்களுள் ஒருவன் என்னிடம் படித்த மாணவர் ஒருவரின் மகன். பாகூரில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். மற்ற மூவரில் ஒருவர் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளி; ஒருவர் தனியார் பள்ளி ஆசிரியர்; இன்னொருவர் பொறியியல் முடித்துவிட்டு அரசுத் தேர்வுக்குப் படிப்பதாகச் சொன்னார். கையில் அச்செடுத்த தாள்கள். பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி, அவ்வாண்டு ஜூலை 30 அன்று வெளியிட்ட கலந்தாய்வு அறிக்கை அது. குறியீட்டு ஆப்ஷன் வணிகத்திற்குக் கட்டுப்பாடுகள் கொண்டுவர ஏழு யோசனைகளை அதில் முன்வைத்து, ஆகஸ்ட் 20-க்குள் பொதுமக்கள் கருத்துத் தெரிவிக்கலாம் என்று செபி கூறியிருந்தது.

"சார், நாங்க சொல்றத நல்ல இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்க, போதும். இது வந்துட்டா எங்க பொழப்பு போச்சு" என்றான் கடைக்காரப் பையன்.

முப்பதாண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்தவன் நான். விவசாயிகள் கட்டுபடியாகும் விலை கேட்டும், நெசவாலைத் தொழிலாளர்கள் ஆலையைத் திறக்கக் கேட்டும் எழுதிய மனுக்களைத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். பணத்தை இழக்கும் வாய்ப்பைக் குறைக்காதீர்கள் என்று கேட்டு ஒரு மனு எழுதச் சொல்லி என்னிடம் யாரும் வந்ததில்லை. ஆனாலும் எழுதிக் கொடுத்தேன். அதில் எனக்கு உடன்பாடு இருந்ததா என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில், அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதைச் சந்தைக்குள் நுழையாத வாசகர்களுக்கு விளக்கிவிட வேண்டும். அப்போது நிஃப்டி குறியீட்டெண் ஏறத்தாழ 24,000 புள்ளிகளில் இருந்தது. ஓர் ஒப்பந்தத்தில் 25 அலகுகள். அதாவது ஒப்பந்தத்தின் மதிப்பு ஆறு லட்சம் ரூபாய். ஆனால் ஆறு லட்சத்தை யாரும் கட்டுவதில்லை. 'குறியீடு வியாழக்கிழமைக்குள் இந்த அளவைத் தாண்டி ஏறினால், ஏறிய அளவுக்குரிய பணம் எனக்கு' என்ற உரிமையை மட்டும், அலகுக்கு 40 ரூபாய் வீதம், ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிவிடலாம். ஏறினால் ஆயிரம் ரூபாய் ஐயாயிரம் ஆகலாம். ஏறாவிட்டால் ஆயிரமும் போய்விடும். குறியீடு இறங்கும் என்று எண்ணுபவர் அதற்கு எதிர்த்திசையிலான உரிமையை வாங்கிக்கொள்ளலாம். ஆயிரம் ரூபாயைக் கொண்டு ஆறு லட்சத்தை அசைக்கும் இந்த வித்தையைத்தான் பொருளியலில் நெம்புகோல் என்கிறோம்.

அமெரிக்காவில் இதே நெம்புகோலை நிதித் திட்ட வடிவில், அலுமினியத் தாளில் சுற்றிய மிட்டாயைப்போல் விற்கிறார்கள். குறியீடு ஒரு நாளில் ஒரு சதவீதம் ஏறினால் இரண்டு அல்லது மூன்று சதவீதம் ஏறும் நிதிகள் உண்டு. குறியீடு இறங்கினால் ஏறும் எதிர்த்திசை நிதிகளும் உண்டு. 2006 முதல் அவை அங்கே சந்தையில் இருக்கின்றன. இவற்றில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. குறியீடு 100-லிருந்து ஒரு நாள் 10 சதவீதம் ஏறி 110 ஆகிறது; மறுநாள் 9.09 சதவீதம் இறங்கி மீண்டும் 100-க்கே வந்துவிடுகிறது. சாதாரண நிதியில் நூறு ரூபாய் போட்டவருக்கு இழப்பு ஏதுமில்லை. இரு மடங்கு நிதியில் போட்டவருக்கோ முதல் நாள் 120, மறுநாள் 18.18 சதவீதம் இறங்கி 98 ரூபாய் 18 காசு. எதிர்த்திசை நிதியில் போட்டவருக்கு முதல் நாள் 90. மறுநாள் ஏறி, அதே 98 ரூபாய் 18 காசு! ஏறும் என்றவரும் இறங்கும் என்றவரும் ஒருசேர இழக்கிறார்கள். இப்படிப் பத்து முறை நடந்தால், குறியீடு நின்ற இடத்திலேயே நிற்க, இருவரிடமும் மிஞ்சுவது 83 ரூபாய். வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும்போதெல்லாம் மாணவர்கள் முதலில் நம்ப மறுப்பார்கள்.

இந்தியப் பரஸ்பர நிதிகளில் இத்தகைய திட்டங்கள் அனுமதிக்கப்படவில்லை. 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த 'சிறப்பு முதலீட்டு நிதி' என்ற புதிய வகையில், சந்தை இறங்கினால் லாபம் தரும் நிலைகளை 25 சதவீதம் வரை எடுக்க இடமுண்டு. ஆனால் அதில் நுழையக் குறைந்தது பத்து லட்சம் ரூபாய் வேண்டும். பாகூர்ப் பையனிடம் பத்து லட்சம் ஏது? ஆகவே நம் நாட்டில் சிறு முதலீட்டாளரின் நெம்புகோல் ஆப்ஷனாகிவிட்டது. 2000-இல் குறியீட்டு முன்பேர ஒப்பந்தமும் 2001-இல் குறியீட்டு ஆப்ஷனும் இங்கே அறிமுகமானபோது, பங்கு வைத்திருப்போர் விலைச் சரிவிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளும் கருவி என்றே அவை அறிமுகப்படுத்தப்பட்டன. முதலில் மாதம் ஒருமுறைதான் காலாவதி. 2016-இல் பேங்க் நிஃப்டிக்கும் 2019-இல் நிஃப்டிக்கும் வாரக் காலாவதி வந்தது. பிறகு ஒவ்வொரு குறியீட்டிற்கும் ஒவ்வொரு கிழமை என்றாகி, வாரத்தின் ஐந்து வணிக நாள்களிலும் ஏதேனும் ஒன்று காலாவதியாகும் நிலை ஏற்பட்டது. மாதச் சந்தையாக இருந்தது வாரச் சந்தையாகி, பின்பு அன்றாடச் சூதாட்டக் களமாயிற்று. இதற்கிடையில் பெருந்தொற்று வந்தது. எல்லோரும் வீட்டில் அடைபட்டனர். 2020 மார்ச்சில் நாடு முழுவதும் நான்கு கோடி அளவில் இருந்த டிமேட் கணக்குகள் 2024 மார்ச்சில் பதினைந்து கோடியைத் தாண்டிவிட்டன. நூற்றாண்டு கடந்த ஏ.எஃப்.டி. ஆலை 2020-இல் மூடப்பட்ட புதுச்சேரியில், படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் கைப்பேசிக்குள் இப்படி ஒரு 'வேலை' வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

இனி, அந்த நான்கு பேர் எழுதச் சொன்னவற்றுக்கு வருகிறேன். அவர்களை அறியாப் பிள்ளைகள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் சொன்னவற்றுள் சில மிகக் கூர்மையானவை.

முதல் வாதம்: எங்கள் பணம், எங்கள் விருப்பம். இரண்டாவது: ஒப்பந்த மதிப்பை உயர்த்தினால் பணக்காரர் மட்டும் விளையாடலாம், ஏழை கூடாது என்று ஆகிவிடும். மூன்றாவது: வாசலை அடைத்தால் ஜன்னல் வழியாகப் போவோம், கணக்கில் வராத 'டப்பா' வணிகத்திற்கும் வெளிநாட்டுச் செயலிகளுக்கும்தான் லாபம். நான்காவதைச் சொன்னவர் அந்தப் பள்ளி ஆசிரியர். "சார், எங்களால நட்டம்னா கவர்மென்ட்டுக்கு ஏன் எங்ககிட்ட வரி? வரியும் வாங்கிக்கிட்டு, விளையாடாதேன்னு புத்தியும் சொல்றாங்களே!" என்றார். 2024 ஜூலை நிதிநிலை அறிக்கையில் ஆப்ஷன் மீதான பங்குப் பரிவர்த்தனை வரி 0.0625 சதவீதத்திலிருந்து 0.1 சதவீதமாக உயர்த்தப்பட்டதைத்தான் அவர் குறிப்பிட்டார். சாராயக் கடை ஏலத்தில் வருவாய் பார்த்த ஊர்க்காரரிடம் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது?

இப்படி எழுந்த எதிர்ப்புக் குரல் இவர்களுடையது மட்டுமன்று. அமெரிக்கப் பங்கு ஆணையம் 2019 நவம்பரில், நெம்புகோல் நிதிகளை வாங்க விரும்பும் சிறு முதலீட்டாளரின் தகுதியைத் தரகர்கள் சோதித்த பிறகே அனுமதிக்க வேண்டும் என்று ஒரு விதியை முன்மொழிந்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் குவிந்தன. அவற்றுள் பெரும் எண்ணிக்கையிலானவை தனிநபர்கள் எழுதியவை. 2020 அக்டோபரில் இறுதி விதி வந்தபோது அந்தத் தகுதிச் சோதனை கைவிடப்பட்டிருந்தது. மக்கள் எழுதினால் ஒழுங்காற்று அமைப்பு பின்வாங்கும் என்பதற்கு அது சான்று. ஐரோப்பாவில் நேர்மாறாக நடந்தது. விலை வேறுபாட்டு ஒப்பந்தங்கள் என்ற நெம்புகோல் வணிகத்தைக் கட்டுப்படுத்த 2018-இல் ஐரோப்பிய ஒழுங்காற்று அமைப்பு கருத்துக் கேட்டபோது பதினெட்டாயிரத்துக்கும் அதிகமானோர் எழுதினர். ஆனாலும் அதே ஆண்டில் கட்டுப்பாடு வந்துவிட்டது.

பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் குடும்பங்கள் இன்றும் உள்ள ஊர் எங்களுடையது என்பதால் பிரான்சின் ஆய்வு ஒன்றை இங்கே நினைவுகூர்கிறேன். அந்நாட்டின் நிதிச் சந்தை ஆணையம் 2009 முதல் 2012 வரை நான்கு ஆண்டுகளுக்கு அந்நியச் செலாவணி, விலை வேறுபாட்டு வணிகத்தில் ஈடுபட்ட வாடிக்கையாளர்களின் கணக்குகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட முடிவு: 89 சதவீதத்தினர் இழந்தனர். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 2023 ஜனவரியில் செபி தன் முதல் ஆய்வை வெளியிட்டது. 2021-22 நிதியாண்டில் பங்கு முன்பேர, ஆப்ஷன் வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் இழந்தோர் எத்தனை சதவீதம்? அதே 89. வேறு நாடு, வேறு ஒப்பந்தம், வேறு மக்கள். ஆனால் விடை ஒன்றே. தற்செயலாகவும் இருக்கலாம். எனினும், பாரிஸ்காரரின் அறிவோ பாகூர்க்காரரின் அறியாமையோ இதற்குக் காரணமில்லை, ஆட்டத்தின் அமைப்பே காரணம் என்ற ஐயம் எனக்கு வலுத்தது.

அமைப்பு என்று நான் சொல்வது இதைத்தான். பங்கு வாங்குபவருக்கு நிறுவனத்தின் லாபத்தில் பங்குண்டு. எல்லோரும் சேர்ந்தே வளர வாய்ப்புண்டு. ஆப்ஷனில் அப்படியில்லை. ஒருவர் பெறும் ஒவ்வொரு ரூபாயும் இன்னொருவர் இழந்த ரூபாய். அதிலும் தரகும் வரியும் கழியும். 2024 செப்டம்பர் 23 அன்று வெளியான செபியின் இரண்டாவது ஆய்வு இதைப் பட்டவர்த்தனமாகக் காட்டியது. 2023-24-இல், செலவுகளைக் கழிக்கும் முன்பே, தனிநபர்கள் இழந்தது 61,000 கோடி ரூபாய்க்கு மேல். அதே ஆண்டில் சொந்தக் கணக்கில் வணிகம் செய்யும் நிறுவனங்கள் ஈட்டியது 33,000 கோடி. அந்நிய முதலீட்டாளர்கள் ஈட்டியது 28,000 கோடி. கூட்டிப் பாருங்கள். அந்த லாபத்தில் ஏறத்தாழ முழுவதும், அதாவது 96, 97 சதவீதம், கணினி நிரல்கள் தாமாகவே இயங்கி ஈட்டியவை. எங்கள் ஊரில் கைப்பேசித் திரையை விரலால் தேய்த்துக்கொண்டிருக்கும் பையனுக்கு எதிரே அமர்ந்திருப்பது இன்னொரு பையனல்லன். கண்ணிமைக்கும் நேரத்தில் ஆயிரம் கணக்குப் போடும் ஓர் இயந்திரம்.

அதே ஆய்வின் வேறு சில எண்கள்: 2021-22 முதல் மூன்று ஆண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் இழந்தனர், மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்; ஒரு லட்சத்திற்கு மேல் லாபம் கண்டவர் நூற்றில் ஒருவர். ஈடுபட்டோரில் முப்பது வயதுக்குட்பட்டோர் ஓராண்டிலேயே 31 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாயினர். நான்கில் மூன்று பங்கினர் ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்திற்குக் கீழ் என்று அறிவித்தவர்கள். முதல் முப்பது பெருநகரங்களுக்கு வெளியே வாழ்வோர் 72 சதவீதம். தொடர்ந்து இழந்தும் விடாமல் ஆடியோர் நான்கில் மூன்று பேர். இந்த ஆய்வு வந்த நாளில் நான் எழுதிக் கொடுத்த மனு செபிக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது.

'எங்கள் பணம், எங்கள் விருப்பம்' என்ற முதல் வாதத்தை மனுவில் நான் மிக நன்றாகவே எழுதியிருந்தேன். பிறருக்குத் தீங்கு நேராதவரை தனிமனிதனின் செயலில் அரசு தலையிடக் கூடாது என்ற ஜான் ஸ்டூவர்ட் மில்லின் கொள்கையை இளங்கலை மாணவர்களுக்கு எத்தனை முறை நடத்தியிருப்பேன்! ஆனால் 2024 அக்டோபரில் பாகூருக்கு ஒரு துக்க வீட்டிற்குச் சென்றிருந்தபோது, கடைக்காரப் பையனின் தாயார் என்னை ஓரமாக அழைத்து ஒரு கேள்வி கேட்டார். மகளின் திருமணத்திற்கென்று வைத்திருந்த ஏழு சவரன் நகை அடகுக்குப் போயிருப்பது அவருக்கு அப்போதுதான் தெரியவந்திருந்தது.

"அவன் என்னாதான் வாங்குனான் சார்? நெலமா, சரக்கா? பணம் போச்சுங்கிறான், வாங்குன பொருள் எங்கன்னா இல்லைங்கிறான். பொருளே இல்லாம எப்படி சார் பணம் போவும்?"

ஆப்ஷன் விலைக்கான சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டக்கூடிய என்னால், அந்த அம்மாவிற்கு ஒரு வாக்கியத்தில் பதில் சொல்ல முடியவில்லை. "வாங்குனது ஒரு வாரத்துக்கான வாய்ப்பும்மா; வாரம் முடிஞ்சா அதுவும் முடிஞ்சுடும்" என்றேன். அவருக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை. நம் நாட்டில் பணம் தனிமனிதனிடம் இருப்பது அரிது. அது தாயின் தாலிக்கொடியாகவும் தங்கையின் சீராகவும் ஏரிப் பாசனத்து நிலத்தின் மீதான கடனாகவும் குடும்பத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. மில் சொன்ன 'பிறர்' யார் என்பதை வில்லியனூரிலும் பாகூரிலும் வைத்து எண்ணிப் பார்க்காமல் நான் முப்பதாண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன்.

என் வீட்டுக் கதையையும் மறைக்கக் கூடாது. ஓய்வுபெற்ற பின் 2021-இல், பணிக்கொடையில் ஒரு பகுதியை வைத்து நானும் வாராந்திர ஆப்ஷன் வாங்கிப் பார்த்தேன். என் முனைவர் பட்ட ஆய்வு வேளாண் கடன் பற்றியது. கடன் சுழலில் மனிதர்கள் எப்படிச் சிக்குகிறார்கள் என்று முந்நூறு பக்கம் எழுதியவன் பதினொரு மாதங்களில் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் ரூபாயை இழந்தேன். முதல் மாதம் லாபம் வந்ததுதான் எனக்கு நேர்ந்த கேடு. மனைவியிடம் சொல்ல மேலும் ஆறு மாதங்களாயின. அந்த நான்கு பேர் வந்தபோது இதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

2024 அக்டோபர் 1 அன்று செபி தன் முடிவை வெளியிட்டது. ஏழில் ஆறு யோசனைகள் விதிகளாயின. குறைந்தபட்ச ஒப்பந்த மதிப்பு 15 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. ஒவ்வொரு சந்தையிலும் ஒரே ஒரு குறியீட்டிற்கு மட்டும் வாரக் காலாவதி என்றாகி, நவம்பரில் பேங்க் நிஃப்டியின் வார ஆப்ஷன் முடிவுக்கு வந்தது. காலாவதி நாளில் ஆப்ஷன் விற்போர் கூடுதல் ஈட்டுத்தொகை கட்ட வேண்டும். வாங்குவோரிடமிருந்து முழுத் தொகையும் முன்கூட்டியே வசூலிக்கப்பட வேண்டும். மற்றவை தொழில்நுட்ப விவரங்கள்.

இவற்றுள் ஒப்பந்த மதிப்பை உயர்த்தியதில் எனக்கு இன்றும் உடன்பாடில்லை. நிஃப்டி ஒப்பந்தம் 25 அலகிலிருந்து 75 அலகாயிற்று. 40 ரூபாய் ஆப்ஷனுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தவர் அப்போது மூவாயிரம் கொடுக்க வேண்டியதாயிற்று. மூவாயிரம் இல்லாதவர் ஒதுங்கிவிடுவார் என்பது எதிர்பார்ப்பு. சிலர் ஒதுங்கவும் செய்தனர். ஆனால் அந்தப் பையன் என்ன செய்தான் தெரியுமா? 13 ரூபாய் ஆப்ஷனை வாங்கினான். 75 அலகுக்கு 975 ரூபாய். அவன் செலவு மாறவில்லை. மலிவான ஆப்ஷன் என்றால் குறியீடு மிகத் தொலைவு ஓடினால்தான் பலிக்கும். ஆகவே வெற்றி வாய்ப்பு மட்டும் குறைந்துவிட்டது. கட்டுப்பாடு அவனைத் தோற்கும் வாய்ப்பு மிகுந்த பக்கமாக நகர்த்திவிட்டது. பணத்தின் அளவை அறிவின் அளவாகக் கொள்ளும் எந்த வேலிக்கும் இந்தக் குறை இருக்கும். ஏழைக்கு மட்டும் தடையா என்ற அவர்களின் இரண்டாவது வாதத்தில் நியாயம் இருந்தது என்றே இன்றும் சொல்வேன்.

மூன்றாவது வாதத்திலும் பாதி உண்மை. தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரி தடை செய்யப்பட்டது; மூன்று இலக்க எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதி விற்பவர்கள் விழுப்புரம் பக்கம் பிடிபடும் செய்தி இன்றும் வருகிறது. அனுமதியின்றி இயங்கும் அந்நியச் செலாவணிச் செயலிகளின் பட்டியலை ரிசர்வ் வங்கி வெளியிட்டும் அவற்றின் விளம்பரம் ஓயவில்லை. எனினும் ஒன்று: லாட்டரிக் கடை தெருவுக்குத் தெரு இருந்த காலத்தில் கூலியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்பியோர் எத்தனை பேர், இன்று ஒளிந்து சீட்டு வாங்குவோர் எத்தனை பேர்? ஜன்னல் வழியாகப் போகிறவர் எண்ணிக்கை வாசல் வழியாகப் போனவர் எண்ணிக்கைக்கு ஒருபோதும் சமமாகாது.

தென் கொரியாவில் வேறு வழியைக் கையாண்டார்கள். அங்கே நெம்புகோல் நிதி வாங்க முன்வைப்புத் தொகையோடு இணையவழிப் பாடம் ஒன்றையும் முடித்தாக வேண்டும். தகுதித் தேர்வு வைக்கலாமே என்று நானும் பல மேடைகளில் பேசியிருக்கிறேன். இப்போது பேசுவதில்லை. காரணம் எளிது: அப்படியொரு தேர்வு இருந்திருந்தால் 2021-இல் நான் முதல் மதிப்பெண் பெற்றுத் தேறியிருப்பேன். தேறிய பின் அதே இரண்டு லட்சத்து எண்பதாயிரத்தை இழந்திருப்பேன். எனக்குக் குறைவாக இருந்தது அறிவு அன்று, நேரம். வியாழக்கிழமை தோற்றவனுக்கு வெள்ளிக்கிழமை காலை அடுத்த ஆட்டம் தயாராக இருந்தது. தோல்வியை வீட்டில் சொல்லவும், ஆறவும், கணக்குப் பார்க்கவும் இடைவெளியே இல்லை. ஒரு போகத்திற்கும் அடுத்த போகத்திற்கும் இடையில் விவசாயிக்குக் கிடைக்கும் அந்த ஓய்வு ஆப்ஷன்காரனுக்குக் கிடையாது. ஆகவே, ஆறு விதிகளில் உண்மையிலேயே பயனுள்ளது வாரக் காலாவதியைக் குறைத்ததுதான் என்பது என் கருத்து. ஆட்டத்திற்கான நுழைவுக் கட்டணத்தை உயர்த்துவதைவிட ஆட்டத்தின் வேகத்தைக் குறைப்பதே சரி. 2025 மே மாதச் சுற்றறிக்கை வழியாகக் காலாவதி நாளைச் செவ்வாய் அல்லது வியாழன் என்று செபி வரையறுத்ததும், செப்டம்பர் முதல் தேசியப் பங்குச் சந்தைக்குச் செவ்வாய், மும்பைப் பங்குச் சந்தைக்கு வியாழன் என்று அமைந்ததும் அதே திசையில்தான். ஆயினும் வாரத்திற்கு இரண்டு நாள் இன்னும் இருக்கிறது.

விதிகள் பலித்தனவா? 2025 ஜூலையில் செபி வெளியிட்ட ஆய்வின்படி 2024-25-இல் இழந்தோர் 91 சதவீதம். செலவுகள் உட்பட மொத்த இழப்பு முந்தைய ஆண்டின் 74,812 கோடியிலிருந்து 1,05,603 கோடியாக, 41 சதவீதம் கூடிவிட்டது. எதிர்ப்பாளர்கள் இதைக் காட்டி 'பார்த்தீர்களா' என்கின்றனர். விதிகள் அவ்வாண்டின் பிற்பாதியில், அதுவும் தவணை தவணையாகவே வந்தன என்பதை மறந்துவிடக் கூடாது. 2024 டிசம்பர் முதல் 2025 மே வரையிலான காலத்தில் பங்கேற்ற தனிநபர் எண்ணிக்கை முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட 20 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் ஈராண்டுக்கு முன் இருந்ததைவிட 24 சதவீதம் அதிகம். ஓராண்டு எண்ணை வைத்து எந்தப் பக்கமும் கொடி பிடிப்பதற்கில்லை.

அந்த ஜூலையில்தான் அமெரிக்க நிறுவனமான ஜேன் ஸ்ட்ரீட் மீதான செபியின் இடைக்கால உத்தரவும் வந்தது. காலாவதி நாள்களில் காலையில் வங்கிப் பங்குகளைப் பெருமளவில் வாங்கிக் குறியீட்டை உயர்த்தி, பிற்பகலில் விற்று இறக்கி, அதற்கேற்ப முன்னரே எடுத்த ஆப்ஷன் நிலைகளில் லாபம் பார்த்தது என்பது குற்றச்சாட்டு. 4,843 கோடி ரூபாயை முடக்கியது செபி. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்திற்குச் சென்றிருக்கிறது. தீர்ப்புக்கு முன் நான் எதுவும் சொல்வது முறையன்று. ஆனால் அந்தச் செய்தி வந்த அன்று பள்ளி ஆசிரியர் என்னை அழைத்தார். "எங்களக் கட்டுப்படுத்துனாங்களே சார், இவங்கள எப்போ பாத்தாங்க?" என்றார். சிறியவனின் வாசலில் வேலி போட எடுத்துக்கொண்ட அக்கறையில் பாதியையேனும் பெரியவனின் நடமாட்டத்தைக் கண்காணிப்பதில் முன்பே காட்டியிருந்தால், இக்கேள்விக்கு இடமிருந்திருக்காது.

வார ஆப்ஷனையே முற்றாக நிறுத்திவிடலாமா என்ற பேச்சு 2025-இல் எழுந்தபோது கடைக்காரப் பையன் மீண்டும் என் வீட்டிற்கு வந்தான். இம்முறை தனியாக. சேதராப்பட்டுத் தொழிலாளி ஆட்டத்தை விட்டுவிட்டாராம். தேர்வுக்குப் படித்தவர் கிரிப்டோ பக்கம் போய்விட்டாராம். இன்னொரு மனு வேண்டும் என்றான். எழுதித் தருகிறேன், ஆனால் மூன்று ஆண்டு கணக்கு அறிக்கையைத் தரகுச் செயலியிலிருந்து எடுத்து வா என்றேன். இதுவரை அவன் அதை ஒருமுறையும் முழுதாகத் திறந்து பார்த்ததில்லை.

மறுவாரம் கொண்டுவந்தான். என் முன் கூடத்து மேசையில் இருவரும் உட்கார்ந்து கூட்டினோம். நிகர இழப்பு நான்கு லட்சத்து பத்தாயிரம். அதில் தரகு, சந்தைக் கட்டணம், வரி ஆகியவை மட்டும் ஒரு லட்சத்து முப்பதாயிரம். நாற்பத்தொரு மாதத் தவணையில் நகையை மீட்கலாம் என்று அவன் ஒரு தாளின் ஓரத்தில் எழுதியிருந்தான். என் 2021 கணக்கையும் எடுத்து அவன் பக்கத்தில் வைத்தேன். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "உங்களுக்குமா சார்?" என்றான்.

அன்று காலாவதி நாள். மணி மூன்றரை ஆகியிருந்தது. அவன் கைப்பேசியை எடுத்துப் பார்க்கவில்லை. மனுவைப் பற்றிக் கேட்டேன். "கொஞ்சம் இருங்க சார், அம்மாகிட்ட இத காட்டிட்டு வரேன்" என்று கணக்குத் தாள்களை மடித்து எடுத்துக்கொண்டு போனான்.